எழுத்து ஏன் நின்றுபோகிறது? தறி சொல்லும் நான்கு காரணங்கள்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

படவேட்டிலிருந்து பேசுகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்கு ஊரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மத்தவங்களுக்காக: ஆரணிக்குப் பக்கம், ரேணுகாம்பாள் கோவில் இருக்கிற ஊர். சம்புவராயர் காலத்தில் தலைநகராக இருந்த படைவீடுதான் இன்றைய படவேடு. ஆடி வெள்ளிக்கு வந்தீங்கன்னா கால் வைக்க இடம் இருக்காது. மத்த நாட்களில் ஆரணி வட்டாரம் முழுக்கக் கேட்கிற சத்தம் தறிச் சத்தம்தான்.

எனக்கு வருகிற குரல் செய்திகளில் ஒரே கேள்வி வேற வேற வார்த்தையில் திரும்பத் திரும்ப வருது. "எழுத ஆரம்பிச்சேன், நல்லாத்தான் போச்சு, பாதியில நின்னுடுச்சு. திரும்ப எழுத ஊக்கம் எங்கிருந்து வரும்?" சிலர் சிறுகதை எழுதுறவங்க, சிலர் குடும்ப வரலாறு எழுதுறவங்க, ஒருத்தர் ஊர்க் கோவிலைப் பத்தி எழுதுறவர்.

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கிற பதில்: "தினமும் எழுதுங்க, தன்னம்பிக்கையோட இருங்க." அதில் தப்பில்லை. ஆனா உடம்பு சரியில்லைன்னு போனவரிடம் "நல்லா இருங்க"ன்னு சொல்லி அனுப்புற மாதிரிதான் அது. ஜுரமா, வயித்து வலியா, தூக்கமில்லையா என்று கேட்டால்தானே மருந்து சொல்ல முடியும்? "ஊக்கம் இல்லை" என்பது ஒரு அறிகுறி. காரணம் வேறு எங்கோ இருக்கும்.

நெசவாளர் வீட்டுக்குப் போய் "தறி ஏன் ஓடலை?"ன்னு கேட்டுப் பாருங்க. "மனசு வரலை"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நூல் இல்லை என்பார்கள், இழை அறுந்துடுச்சு என்பார்கள், மழை என்பார்கள், பாவு முடிஞ்சுடுச்சு என்பார்கள். நான்கும் வேறு வேறு நிறுத்தங்கள். நான்குக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. எழுத்தும் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றால்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: நூல் இல்லை

எவ்வளவு திறமையான நெசவாளராக இருந்தாலும் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்துபோனால் நாடா சும்மாதான் ஓடும். அதனால்தான் ஒருவர் நெய்யும்போது, வீட்டில் இன்னொருவர் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே இருப்பார். நெய்வது ஒரு வேலை, நூல் சேர்ப்பது இன்னொரு வேலை. நெய்ய உட்கார்ந்த பிறகு நூல் தேடுவது கிடையாது.

நம்மில் பலர் ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, வெள்ளைத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன எழுதலாம்?" என்று யோசிக்கிறோம். ஒண்ணும் வராது. வராததற்குப் பெயர் சோம்பல் இல்லை. தார் சுற்றி வைக்கலை, அவ்வளவுதான்.

தார் சுற்றுவது எப்படின்னு கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. வணிகர். பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்தவர். 1736 செப்டம்பரில் தொடங்கி, நடுநடுவே இடைவெளிகள் இருந்தாலும், 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரைக்கும் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். இலக்கியம் படைக்கணும் என்று உட்கார்ந்தவர் இல்லை. இன்னைக்கு எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, யார் யாரைப் பார்த்தார், கவர்னர் என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி. இதுதான் எழுதினார். 1846ல்தான் அந்தக் குறிப்புகள் வெளியுலகத்தின் கண்ணில் பட்டன. பிறகு சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. 18-ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுகிற யாரும் இன்றைக்கு அவரைத் தாண்டிப் போக முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு. "இது முக்கியமான செய்தியா?" என்ற கேள்வியை அவர் ஒவ்வொரு வரிக்கும் கேட்டிருந்தால் கால்வாசி கூட எழுதியிருக்க முடியாது. குறிக்கிற நேரத்தில் எது முக்கியம் என்று தெரியாது. நூலைச் சேர்க்கும்போதே சேலையைத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

அதனால் முதல் நிறுத்தத்துக்கு மருந்து: ஒரு சின்ன நோட்டு, இல்லைன்னா போனில் ஒரு குறிப்பு. நாளுக்கு மூன்று வரி. கேட்ட பேச்சு ஒன்று, பார்த்த காட்சி ஒன்று, புரியாத விஷயம் ஒன்று. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது, டீக்கடையில் கேட்டது, எதுவானாலும் சரி. இதை எழுத்து என்றே நினைக்காதீங்க. தார் சுற்றுகிறோம், அவ்வளவுதான்.

இரண்டு: இழை அறுந்தது

பட்டுப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். நெய்யும்போது ஒரு இழை அறுந்தால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். நிறுத்துவார். அறுந்த இடத்தைத் தேடுவார். ஒரு துண்டு நூலை வைத்து முடிச்சுப் போட்டு, விழுதுக் கண்ணிலும் அச்சின் இடுக்கிலும் இழுத்துச் சேர்த்துவிட்டுத் திரும்ப ஓட்டுவார். ஒரு இழை அறுந்ததுக்காகச் சேலையை வெட்டி எடுப்பவர் யாரும் இல்லை. அதைக் கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் துணி நெடுக ஒரு கோடு விழும்.

எழுதும்போது நல்லாப் போய்க்கொண்டிருந்தது ஒரு இடத்தில் மறிக்கும். அடுத்த வாக்கியம் வராது. அப்போது நாம ரெண்டு விதமாத்தான் நடந்துக்கிறோம். ஒண்ணு, "எனக்கு எழுத வராது"ன்னு மொத்தமா மூடி வைக்கிறது. இன்னொண்ணு, முட்டி மோதி எதையோ இட்டு நிரப்புறது. முதலாவது, சேலையை வெட்டுவது. ரெண்டாவது, கோடு விழ விடுவது.

அறுந்த இடத்தைத் தேடணும். அது பெரும்பாலும் நாம நிற்கிற வரியில் இருக்காது, நாலைந்து வரி மேலே இருக்கும். ஒரு பாத்திரம் செய்யாத காரியத்தைச் செய்திருக்கும். நமக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எழுதியிருப்போம். கட்டுரையா இருந்தா, ஒரு படியைத் தாண்டிக் குதிச்சிருப்போம். உரக்கப் படிச்சுக்கிட்டே மேலிருந்து வாங்க. நாக்கு தடுக்குகிற இடம் ஒன்று வரும். பல நேரம் அங்கேதான் இழை அறுந்திருக்கும். அங்கே ஒரு வாக்கியத்தை மாற்றினால் கீழே தானாக வழி திறக்கும்.

மூன்று: மழை

குழித்தறி என்பது பெயரிலேயே இருக்கிற மாதிரி, தரையில் குழி எடுத்து அமைத்த தறி. நெசவாளர் குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்து நெய்வார். ஐப்பசி கார்த்திகை மழையில் குழியில் ஈரம் ஏறும், சில வீடுகளில் தண்ணீரே ஊறும். விடியற்காலையில் தெருவில் விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற பாவு வேலையும் நின்றுபோகும். அந்த நாட்களில் நெசவாளர் தன்னைத் திட்டிக்கொள்வதில்லை. மழை பெய்யுது, விடும், பார்த்துக்கலாம்.

நம் வாழ்க்கையிலும் மழை உண்டு. குழந்தை பிறப்பு, வீட்டில் பெரியவருக்கு ஆபரேஷன், கடன், வேலை போனது, மனநலச் சிக்கல். இது எதுவும் ஊக்கக் குறைவு இல்லை. இதை "ஒழுங்கில்லை" என்று எண்ணித் தன்னைத்தானே அடித்துக்கொள்பவர்கள்தான் மழை விட்ட பிறகும் தறிக்குத் திரும்பாமல் போய்விடுகிறார்கள்.

எம்.வி. வெங்கட்ராமைப் பற்றிச் சொல்லியே ஆகணும். 1920ல் கும்பகோணத்தில் பிறந்தவர். சௌராஷ்டிரக் குடும்பம். பட்டு, ஜரிகை வியாபாரம் செய்தவர். பதின்ம வயதிலேயே 'மணிக்கொடி'யில் எழுதத் தொடங்கியவர். பிறகு 'தேனீ' என்று ஒரு இதழும் நடத்தினார். வாழ்க்கையின் நீண்ட காலம் அவர் காதில் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. வெளியில் யாரும் பேசவில்லை, ஆனால் உள்ளே ஓயாத இரைச்சல். எழுதுகிற ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய மழை என்ன இருக்க முடியும்? அந்த அனுபவத்தையே பின்னாளில் நாவலாக்கினார். அதுதான் 'காதுகள்'. 1993-க்கான சாகித்ய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது.

"துன்பம்தான் எழுத்தாளனை உருவாக்கும்" என்று இதிலிருந்து சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது துன்பப்படுகிறவருக்குச் செய்யும் அநியாயம். நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: மழைக்காலம் எவ்வளவு நீண்டாலும் தறியைப் பிரித்துப் போடத் தேவையில்லை. அந்த நாட்களில் எழுத முடியாவிட்டாலும், முடிந்தால் தேதி போட்டு ஒரு வரி குறித்து வையுங்க. அதுவும் முடியலையா, விடுங்க. தறி அங்கேயே இருக்கும்.

அவரிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. 'வேள்வித் தீ' நாவலில் அவர் எழுதியது தன் ஊரின் சௌராஷ்டிர நெசவாளர்களைப் பற்றி. நூலுக்கு அவர் தூரம் போகவில்லை.

நான்கு: பாவு முடிந்தது

இதுதான் ரொம்ப நுட்பமான நிறுத்தம். வெளியில் பார்க்க நிறுத்தம் மாதிரியே தெரியாது. ஒரு கதையை முடிச்சாச்சு, பத்திரிகைக்கு அனுப்பியாச்சு, சந்தோஷம். அதுக்கப்புறம் ஆறு மாசம் ஒண்ணும் எழுதலை. ஏன்?

தறியில் இதை எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு பாருங்க. ஒரு பாவில் மூன்று நான்கு சேலை நெய்யலாம். கடைசிச் சேலை முடிந்ததும் துணியை வெட்டி எடுக்கிறார்கள். ஆனால் பாவை முழுசா உருவி எடுப்பதில்லை. அச்சுக்கும் விழுதுக்கும் உள்ளே பழைய பாவின் நுனி அப்படியே நிற்கும். புதுப் பாவு வந்ததும் பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழை ஒன்றைச் சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக. பிணைத்து முடித்துப் பழைய நுனியை இழுத்தால் புதுப் பாவு தானாக உள்ளே வந்துவிடும். பழைய நுனியை உருவிப் போட்டிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு இழையையும் விழுதுக் கண்ணிலும் அச்சிலும் புதிதாகக் கோக்க வேண்டும். அது பல மடங்கு வேலை.

நாம முடிச்சதும் எழுந்து போகிறோம். அதாவது, நுனியையும் உருவிப் போட்டுவிடுகிறோம். அடுத்த முறை உட்காரும்போது எல்லாக் கண்ணிலும் முதலிலிருந்து கோக்க வேண்டியிருக்கிறது. அந்த மலைப்பைத்தான் "ஊக்கம் இல்லை" என்று சொல்கிறோம்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் தபால் துறை அதிகாரி. விடியற்காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதுவார். பிறகு ஆபீஸ் வேலை. 'டாக்டர் தார்ன்' நாவலை முடித்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டதாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். புதுப் பாவைப் பழைய நுனியில் பிணைக்கிறது என்றால் இதுதான்.

எர்னஸ்ட் ஹெமிங்வே இதையே நாள் கணக்கில் செய்தார். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவேன் என்று 1958ல் 'பாரிஸ் ரிவியூ' பேட்டியில் சொன்னார். வற்றும் வரை இறைக்காமல் கிணற்றில் கொஞ்சம் தண்ணி விட்டு எழுந்திருக்கிற பழக்கம்.

இதுக்கு மனவியல் பக்கமும் உண்டு. 1928ல் மரியா ஓவ்சியான்கினா என்ற ஆய்வாளர், ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களை நடுவில் நிறுத்திப் பார்த்தார். யாரும் சொல்லாமலே பெரும்பாலோர் விட்ட வேலைக்குத் திரும்பிப் போனார்கள். பாதியில் நிற்கிற வேலைக்கு நம்மைத் திரும்ப இழுக்கும் பலம் இருக்கிறது. முழுசா முடிச்ச வேலைக்கு அது இல்லை.

"கட்டாயப்படுத்தினா கற்பனை வருமா?"

நியாயமான சந்தேகம். நெசவு கை வேலை, எழுத்து மனசு வேலை, இரண்டும் ஒண்ணா என்று கேட்கலாம். 1983ல் ராபர்ட் பாய்ஸ் என்ற மனவியலாளர் 27 கல்லூரி ஆசிரியர்களை வைத்து இதைச் சோதித்தார். ஒரு குழுவிடம் அவசரம் தவிர வேறெதுவும் எழுத வேண்டாம் என்றார். இரண்டாம் குழு மனசு வந்தால் மட்டும் எழுதலாம். மூன்றாம் குழுவுக்குக் கட்டாயம்: எழுதாவிட்டால் தாங்கள் வெறுக்கும் ஓர் அமைப்புக்குப் பணம் போய்விடும்!

கட்டாயக் குழு அதிகப் பக்கம் எழுதியது. அதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், புது யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம். சராசரியாக அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. மனசு வந்தால் எழுதியவர்களுக்கு இரண்டு நாளைக்கு ஒன்று. எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளைக்கு ஒன்று. சின்ன ஆய்வுதான், அதுவும் கல்லூரிக்காரர்கள். கவிதைக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் "யோசனை வந்த பிறகு எழுதலாம்" என்று காத்திருப்பதைவிட, எழுத எழுத யோசனை வரும் என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

அந்தக் கட்டாயம் தண்டனையாகத்தான் இருக்கணும் என்பதில்லை. யாராவது காத்திருந்தாலே போதும். உ.வே. சாமிநாதையர் 1940ல், 85 வயதை நெருங்கும்போது, 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் வாரத் தொடராக எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் இறக்கும் வரை எழுதினார். 122 அத்தியாயங்கள். தொடர் முடியவில்லை, ஆனால் வாராவாரம் ஒரு அத்தியாயம் கேட்ட பத்திரிகை இல்லாவிட்டால் அந்த வயதில் அவ்வளவும் எழுதப்பட்டிருக்குமா? விகடன் மாதிரி பத்திரிகை நமக்குக் கிடைக்காது, சரி. ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெண்டு பக்கம் வாங்கிப் படிக்கிற ஒரு அத்தை போதும், ஒரு நண்பர் போதும்.

இப்போது என்ன செய்யலாம்?

உங்க எழுத்து நின்றிருந்தால், முதலில் எந்த நிறுத்தம் என்று பெயர் வையுங்க.

சொல்ல ஒண்ணும் இல்லைன்னு தோணினா நூல் இல்லை. ரெண்டு வாரம் எழுத வேண்டாம், நாளுக்கு மூன்று வரி குறிப்பு மட்டும்.

சொல்ல இருக்கு, ஆனா ஒரு இடத்தைத் தாண்ட முடியலைன்னா இழை அறுந்திருக்கு. நாலு வரி மேலே போய் உரக்கப் படியுங்க.

வாழ்க்கையே புரட்டிப் போட்டிருந்தா அது மழை. உங்களைத் திட்டிக்காதீங்க. திரும்ப வருகிற தேதியை மட்டும் மனசில் வையுங்க.

முடிச்ச பிறகு வெறுமையா இருந்தா பாவு முடிஞ்சிருக்கு. அடுத்த முறை ஒன்றை முடிக்கிற அன்றைக்கே அடுத்ததின் முதல் வரியையும் எழுதிவிட்டு எழுந்திருங்க. மோசமான வரியா இருந்தாலும் பரவாயில்லை, பிணைக்க நுனி இருந்தால் போதும்.

எதுக்காக இவ்வளவு பாடு?

கடைசியா ஒண்ணு. எங்க வட்டாரத்தில் விசைத்தறி வந்தாச்சு. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, கூலி கட்டுப்படியாகவில்லை. ஒரு வீட்டில் கடைசித் தறி நின்றதும் குழியை மண் போட்டு மூடி, மேலே டைல்ஸ் போட்டுவிடுகிறார்கள். அதோடு விழுது, அச்சு, தார், மிதி என்கிற சொற்களும் அந்த வீட்டுப் பேச்சிலிருந்து போய்விடுகின்றன. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்லது. அது சேலையின் பெயரைக் காப்பாற்றும். மழை நாளில் குழியில் ஊறிய தண்ணியைச் சொம்பில் மொண்டு வெளியே ஊற்றிய அம்மாவின் கையை அது காப்பாற்றாது. அதை எழுத அந்த வீட்டில் வளர்ந்த ஒருவரால்தான் முடியும். அவர் இப்போது எங்கேயோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, "எனக்கு எழுத ஊக்கம் வரலையே" என்று யோசித்துக்கொண்டிருக்கலாம்.

உங்க வீடு தறி வீடா இல்லாமல் இருக்கலாம். மாவு மில், சைக்கிள் கடை, ரயில்வே குவார்ட்டர்ஸ், வாழைத்தோப்பு, எதுவாகவும் இருக்கலாம். அங்கேயும் மூடப்படுகிற ஒரு குழி இருக்கும், உங்களுக்கு மட்டும் தெரிந்த சொற்கள் இருக்கும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க. அந்த இடத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்க. நல்லா வந்துக்கிட்டு இருக்கும்போதே, வாக்கியத்தை முடிக்காமல், பாதியில் விட்டுவிட்டு எழுந்திருங்க. நாளைக்கு அது உங்களைக் கூப்பிடும். எழுதியதை எனக்கு அனுப்பணும்னு தோணினா அனுப்புங்க, ஞாயிற்றுக்கிழமை படிக்க ஒரு ஆள் இருக்கேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.